அந்தக் கார்டை எழுதியது யார்?

கேள்வி:

ஐயா, மதுரை மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியின் நூலகர் நான். நாற்பது வருடமாகக் கார்டில் இருந்த பட்டியலை இப்போது கோஹா என்ற நூலக மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். டேட்டா என்ட்ரிக்கு வந்தவர்கள் கார்டில் இருந்ததை அப்படியே அடித்துவிட்டார்கள். போன மாதம் முதுகலை வரலாறு படிக்கும் மாணவி ஒருத்தி ஆய்வேட்டுக்காகப் பெருங்காமநல்லூர் என்று போட்டுத் தேடினாள். ஒரு புத்தகம் வந்தது. அதன் கீழே ‘பொருள்: குற்றப் பரம்பரை ஜாதியார் – கலவரம்’ என்று இருந்தது. நேராக என்னிடம் வந்து, “மேடம், இந்தப் பேரு புக்ல இருக்கா, நீங்க வெச்சதா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அப்புறம் நானே துழாவிப் பார்த்தேன். ‘ஹரிஜனங்கள்’, ‘செவிட்டு ஊமைகள்’, ‘அலிகள்’ என்று வரிசையாக வருகிறது. முதல்வர், “பழைய ரெக்கார்டு, கை வைக்காதீங்க, அதுவும் வரலாறுதானே” என்கிறார். துறைத் தலைவர் ஒருவரோ, “அந்தப் புத்தகங்களையே எடுத்துடுங்க” என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

உங்கள் மாணவி கேட்ட கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. நூற்பட்டியல் மேசையில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். இந்தக் கேள்வியை இவ்வளவு சுருக்கமாக யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

அந்தக் கார்டு இன்னும் இழுப்பறையில் இருந்தால் எடுத்து மேசைமேல் வையுங்கள். ஐந்துக்கு மூன்று அங்குல அட்டை, அடியில் கம்பி கோக்க ஓர் ஓட்டை. பொருள் கார்டு என்றால் உச்சியில் பொருள் தலைப்பு இருக்கும். எங்கள் காலத்தில் அதைச் சிவப்பு மையில் எழுதுவோம். டைப் அடிப்பவர் ரிப்பனைச் சிவப்புப் பக்கம் தூக்கிவிட்டுக்கொள்வார். அதன் கீழே ஆசிரியர் பெயர், புத்தகத்தின் தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம் எல்லாம் கறுப்பில். கறுப்பில் இருப்பது புத்தகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. தலைப்புப் பக்கத்தில் அச்சுப்பிழை இருந்தால்கூட அதைத் திருத்தாமல் அப்படியே எடுத்தெழுத வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். சிவப்பில் இருப்பது நாம் சொல்வது. கோஹாவில் ஏறியபோது இரண்டு மையும் ஒரே நிறமாகிவிட்டது. அதனால்தான் அந்தப் பெண்ணுக்கு அப்படிக் கேட்க வேண்டியிருந்தது, உங்களுக்கும் சட்டென்று பதில் வரவில்லை.

ஆக, கை வைக்கலாம். சிவப்பில் வைக்கலாம், கறுப்பில் கூடாது. ‘மார்க்’ என்ற கணினிப் பதிவு முறையின் புல எண்களில் சொன்னால், புத்தகத்தின் தலைப்பு இருக்கும் 245ஐத் தொடாதீர்கள், பொருள் தலைப்பு இருக்கும் 650ஐத் தாராளமாகத் திருத்துங்கள். நடுவில் 500, 520 என்று குறிப்பு வரிகள் இருக்கின்றன. அவை கார்டில் கறுப்பில் இருந்தாலும் பெரும்பாலும் நம் ஆள் எழுதியவைதான். புத்தகத்தின் மேலட்டையில் இருந்த வாசகத்தை மேற்கோளாக எடுத்திருந்தால் மேற்கோள் குறியோடு விடுங்கள். நாமே எழுதியது என்றால் அதற்கு நாம்தான் பொறுப்பு.

கறுப்பைத் தொட்டால் என்ன ஆகும் என்று என் தலையில் அடித்துக்கொண்டு கற்ற கதை ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த ஒரு நூலகத்தில் பட்டியல் முதன்முதலில் கணினிக்கு வந்தபோது, நல்லது செய்கிறேன் என்று ஒரே சொடுக்கில் ‘ஹரிஜன்’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘ஆதிதிராவிடர்’ என்று மாற்றிவிட்டேன். இரண்டு நாள் பெருமையாகத் திரிந்தேன். மூன்றாம் நாள் ஒரு பேராசிரியர் வந்து, காந்தியின் வார இதழ் தொகுதிகளைக் காணோமே என்றார். தேடினால், 1933இல் காந்தி தொடங்கிய ‘ஹரிஜன்’ இதழ் என் புண்ணியத்தில் ‘ஆதிதிராவிடர்’ இதழாகியிருந்தது. ஹரிஜன சேவா சங்கம் ஆதிதிராவிட சேவா சங்கமாகியிருந்தது. அந்தப் பேராசிரியர் சிரித்துக்கொண்டே, “காந்தியையே திருத்திட்டீங்களே” என்றார். பேக்கப்பிலிருந்து மீட்க ஒரு வாரம் ஆயிற்று. கோஹாவில் மொத்தமாகப் பதிவுகளை மாற்றும் கருவி இருக்கிறது, நல்ல கருவிதான். ஆனால் அதை ஓட்டுமுன் எந்தப் புலத்தில் ஓட்டுகிறோம் என்று இரண்டு தடவை பாருங்கள்.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்று பெயர் வைத்தார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து தன் பத்திரிகையின் நெற்றியில் போட்டுக்கொண்டார். அதை நீங்களோ நானோ ‘நாகரிகமாக’ மாற்றினால் அவர் செய்த காரியத்தையே அழித்துவிடுவோம். அதே சொல்லை ஒரு பட்டியலாளர், புத்தகம் பேசும் மக்களுக்குத் தலைப்பாக வைத்தால் அது வேறு. சொல் ஒன்றுதான், சொல்கிற வாய் வேறு.

இப்போது உங்கள் முதல்வரிடம் வருகிறேன். ‘அதுவும் வரலாறுதானே’ என்கிறவரிடம் வரலாற்றையே காட்டுங்கள். சில சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகளாக முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. சென்னை மாகாணத்தில் 1947இலேயே ரத்தாயிற்று. நாடு முழுவதும் 1952இல் போயிற்று. உங்கள் கார்டுகளுக்கு வயது நாற்பது என்கிறீர்கள். அப்படியானால் சட்டம் செத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தப் பெயரைச் சிவப்பில் அடித்திருக்கிறார். அவர் வன்மத்தோடு செய்தார் என்று நான் நினைக்கவில்லை. முந்தைய நூலகத்தின் கார்டைப் பார்த்து எழுதியிருப்பார், அவரும் அதற்கு முந்தையவரைப் பார்த்து எழுதியிருப்பார். எங்கள் தொழிலில் இது சகஜம். ஆனால் இதற்கு வரலாறு என்று பெயரில்லை, காப்பியடித்தல் என்று பெயர்.

அரசே பெயர் மாற்றிய சங்கதி நம் ஊரில் புதிதும் இல்லை. ஒடுக்கப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை ஒட்டி, அரசுப் பதிவுகளில் ‘பஞ்சமர்’, ‘பறையர்’ என்பவற்றுக்குப் பதில் ‘ஆதிதிராவிடர்’ என்று எழுத 1922இலேயே உத்தரவானது. சாதிச் சான்றிதழில் ‘ஹரிஜன்’ என்று குறிக்க வேண்டாம் என்று மத்திய அரசு 1982இல் சொன்னது. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் தமிழக முதலமைச்சர் அறிவித்தார். நூறு வருடமாக அரசுப் பதிவேடே மாறிக்கொண்டிருக்கிறது. கல்லூரி நூலகத்து இழுப்பறை மட்டும் கல்வெட்டா?

சரி, அந்த ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம். ‘குற்றப் பரம்பரை ஜாதியார் – கலவரம்.’ எல்லோர் கண்ணும் முதல் பாதியில் நின்றுவிடும். எனக்கு இரண்டாம் பாதியும் அதே அளவுக்கு உறுத்துகிறது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் நடந்தது என்ன? அந்தச் சட்டத்தின்கீழ் கைரேகை பதிய மாட்டோம் என்று பிரமலைக் கள்ளர் மக்கள் மறுத்தார்கள், போலீஸ் சுட்டது, மாயாக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். இதைக் ‘கலவரம்’ என்றால் சுட்டவன் தரப்பின் அறிக்கையை நாம் படியெடுத்துத் தருகிறோம் என்று அர்த்தம். அந்தச் சொல்லில் வசவு எதுவும் இல்லை. எந்த ஊர்க்காரரும் அதைப் பார்த்துக் கோபமாக மேசைக்கு வர மாட்டார். ஆனாலும் அது பொய். கீழ்வெண்மணிக்கும் இதுதான் கதி. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்ததை ‘விவசாயக் கலவரம்’ என்று போட்ட கார்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே கெட்ட வார்த்தைகளுக்கு மட்டும் பட்டியல் போட்டுத் தேடாதீர்கள். ‘கலவரம்’, ‘சம்பவம்’, ‘கலகம்’, ‘விநோதப் பழக்கங்கள்’ இவற்றையும் தேடுங்கள்.

என்னிடம் விட்டால் அந்தப் பதிவில் நான் போடும் பொருள் தலைப்புகள் இவை: ‘பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூடு, 1920’, ‘குற்றப் பரம்பரைச் சட்டம் – எதிர்ப்பு’, ‘பிரமலைக் கள்ளர் – வரலாறு’, ‘சீர்மரபினர் – தமிழ்நாடு – வரலாறு’. கவனித்தீர்களா, ‘குற்றப் பரம்பரை’ என்ற சொல் இன்னும் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். அப்படி ஒரு சட்டம் இருந்தது, அதன் பெயர் அதுதான். அந்தப் பெயர் சட்டத்தின் முதுகில் இருக்கட்டும், மக்களின் முதுகிலிருந்து இறக்கிவிடுங்கள்.

முதுகு என்றதும் நினைவுக்கு வருகிறது. புத்தகத்தின் முதுகைப் பார்த்தீர்களா? ஸ்பைன் லேபிளில் என்ன எண்? என் ஊகம், 364இல் தொடங்கும். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் அது குற்றவியல். திரையில் சொல்லை மாற்றிவிட்டு எண்ணை மறந்துவிட்டால், அந்தப் பெண் ரேக்குக்குப் போகும்போது தன் ஊரின் கதை கொள்ளைக்காரர்களுக்கும் சிறைச்சாலைகளுக்கும் நடுவில் செருகியிருப்பதைப் பார்ப்பாள். 954.82க்குக் கொண்டுபோங்கள், தமிழ்நாட்டு வரலாற்றோடு இருக்கட்டும். பகுப்பெண் இருக்கும் 082இல் மாற்றினால் மட்டும் போதாது, 952இல் ஐட்டத்தின் அழைப்பெண்ணும் மாற வேண்டும், லேபிளும் புதிதாக ஒட்ட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுப் புத்தகத்தைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

இந்த எண் விவகாரத்தில் எனக்கு ஆதர்சம் டோரதி போர்ட்டர் என்ற கறுப்பின அம்மையார். வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1930இலிருந்து கறுப்பின மக்கள் பற்றிய நூல்களின் தொகுப்பைப் பார்த்துக்கொண்டவர். அப்போது டூயியில் அந்த மக்கள் சம்பந்தப்பட்ட நூல்களுக்கு இரண்டே எண்தான் புழக்கத்தில் இருந்தது: அடிமை முறைக்கு 326, குடியேற்றத்துக்கு 325. கறுப்பினக் கவிஞர் கவிதை எழுதினாலும் பல நூலகங்களில் அது 325க்குத்தான் போகும். கவிதை வரிசைக்குப் போகாது. இது மடத்தனம் என்று அந்த அம்மாள் முடிவுகட்டி, கவிதையைக் கவிதையிலும் வரலாற்றை வரலாற்றிலும் வைத்தார். யாரிடமும் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை.

ஏன் சொல்கிறேன் என்றால், ‘நான் ஒரு சின்னக் கல்லூரி நூலகர், எனக்கு என்ன அதிகாரம்’ என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். பெரிய இடத்தில்தான் இது கஷ்டம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ‘சட்டவிரோத அந்நியர்’ என்று ஒரு பொருள் தலைப்பு இருந்தது. 2014இல் டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் அதை மாற்றச் சொல்லிக் கிளம்பினார்கள். 2016இல் நூலகம் மாற்றுகிறோம் என்று அறிவித்தது. உடனே அந்நாட்டு நாடாளுமன்றத்திலேயே சிலர் குறுக்கே விழுந்தார்கள். கடைசியில் 2021 நவம்பரில்தான் காரியம் நடந்தது. ஏழு வருடம். உங்களுக்கு வேண்டியது நூலகக் குழுவின் ஒரு தீர்மானம், அவ்வளவுதான். தீர்மானம் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு முதல்வர் மாறுவார், நீங்கள் மாற்றலாகிப் போவீர்கள். மினிட்ஸ் புத்தகத்தில் இருப்பதுதான் நிற்கும்.

இன்னொரு சங்கதி. புதுப் புத்தகங்களுக்கு வெளியிலிருந்து பதிவை இறக்கிக்கொள்கிறீர்கள் அல்லவா, அதோடு பிறர் வைத்த தலைப்பும் சேர்ந்து வரும். அமெரிக்கப் பட்டியலில் ‘தீண்டத்தகாதோர்’ என்று ஒரு காலத்தில் இருந்த தலைப்பு இப்போது ‘தலித்துகள்’ ஆகிவிட்டது. ஆனால் பழைய பதிவை யாரோ திருத்தாமல் வைத்திருப்பார்கள், நீங்கள் அதை இறக்குவீர்கள், வாசல் வழியாக விரட்டியது கொல்லைப்புறமாக வந்து உட்காரும். இறக்குகிற பதிவில் 650ஐ மட்டுமாவது படித்துவிட்டுச் சேமியுங்கள்.

எந்தச் சொல்லை வைப்பது என்பதில்தான் உண்மையான சிரமம். இதில் நான் உங்களுக்கு ஒரு அகராதி தந்துவிட முடியாது. ‘தலித்’, ‘ஆதிதிராவிடர்’, ‘பட்டியலினத்தவர்’ மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைத்துத்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ‘பட்டியலினத்தவர்’ சட்டம் வகுத்த சொல். இடஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிய புத்தகம் என்றால் அது பொருந்தும். ‘தலித்’ என்பது தாங்களே சூட்டிக்கொண்ட அரசியல் பெயர். தலித் இலக்கியம் என்பதைப் ‘பட்டியலினத்தவர் இலக்கியம்’ என்று மாற்றினால் எழுதியவர்களே சண்டைக்கு வருவார்கள், வர வேண்டும். 2018இல் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொலைக்காட்சிகளுக்கு ‘தலித்’ என்ற சொல்லைத் தவிர்க்கும்படி ஆலோசனை சொன்னதற்கு எவ்வளவு எதிர்ப்பு வந்தது! ‘ஆதிதிராவிடர்’ இந்த மண்ணின் வரலாற்றோடு வந்தது, இன்று சான்றிதழில் ஒரு குறிப்பிட்ட பிரிவின் பெயரும்கூட. உங்கள் பட்டியலில் மூன்று தலைப்பும் தனித்தனியாக இருக்கலாம், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ‘மேலும் காண்க’ போட்டுக்கொள்ளலாம். புத்தகத்தைத் திறந்து ஆசிரியர் எந்தச் சொல்லை, எந்தப் பொருளில் ஆள்கிறார் என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தைச் சுருக்கப் போய்த்தான் நான் காந்தியைத் திருத்தினேன்.

நான் மேலே போட்ட ‘சீர்மரபினர்’ என்ற சொல்லிலும் சிக்கல் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பிடியில் இருந்து விடுபட்ட சமூகங்களுக்கான பெயர் அது. 1979இல் தமிழக அரசு ‘சீர்மரபு பழங்குடியினர்’ என்பதைச் ‘சீர்மரபினர்’ என்று மாற்றியது. ஒரு சொல் போனதில் சலுகைகளும் போயின என்று அந்தச் சமூகங்கள் பல வருடம் போராடியிருக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை நான் உங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரி. உங்கள் மாணவர்களைக் கேளுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் ஒன்றைத் தலைப்பாக வைத்து மற்றதைக் ‘காண்க’வில் போடுங்கள்.

மற்றவற்றில் இவ்வளவு தலைவலி இல்லை. ‘செவிட்டு ஊமைகள்’ என்பதற்குச் ‘செவித்திறன் குறையுடையோர்’ என்று போட்டுவிட்டு நகருங்கள். ஊனமுற்றோர் நலத்துறையே மாற்றுத்திறனாளிகள் நலத்துறை ஆகிப் பல வருடமாகிறது. ‘அலிகள்’ போய்த் ‘திருநங்கையர்’, ‘திருநம்பியர்’ வரட்டும், எது பொருந்துகிறதோ அது. ஆனால் 2008இல் அரசு அமைத்த வாரியத்தின் பெயர் அரவாணிகள் நல வாரியம்தான். அதன் அறிக்கை உங்களிடம் இருந்தால் நிறுவனப் பெயர் அப்படியே நிற்கும். பால், பாலினம் பற்றிய சொற்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தூண்டுதலில் தமிழக அரசு 2022இல் ஒரு சொற்பட்டியலே வெளியிட்டது. அதை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்று ஒன்றும் கண்ணில் படும். மனநலம் என்று மாற்றுங்கள். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கிய ஆட்கள் நாம், கார்டில் மட்டும் நாசூக்காக இருந்திருப்போமா?

மாற்றியபின் பழைய சொல்லை என்ன செய்வது? தூக்கி எறியாதீர்கள். எழுபது வயது ஆய்வாளர் ‘ஹரிஜனங்கள்’ என்றுதான் தட்டுவார். காலனி ஆட்சி ஆவணம் தேடுகிறவர் ‘குற்றப் பரம்பரை’ என்றுதான் தட்டுவார். அவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. அதற்குத்தான் பழைய கார்டுகளில் ‘காண்க’ என்று ஒன்று வைத்திருந்தோம். கோஹாவில் பொருள் தலைப்புக்குத் தனி அதாரிட்டி பதிவு, அதாவது எந்தச் சொல் செல்லும், எது அதற்கு மாற்று என்று சொல்லும் பதிவு, உருவாக்குங்கள். 150இல் புதிய சொல், 450இல் பழைய சொல். அப்புறம் சிஸ்டம் பிரிஃபரன்ஸில் ‘இன்க்ளூட் சீ ஃப்ரம் இன் சர்ச்சஸ்’ என்று ஒன்று இருக்கும், அதை இயக்கிவிட்டு இண்டெக்ஸை மறுபடி கட்டச் சொல்லுங்கள். அதன்பின் பழைய சொல்லைத் தட்டினாலும் புத்தகம் வரும், திரையில் புதிய சொல் நிற்கும். எப்போது, ஏன் மாற்றினீர்கள், முன்னால் என்ன இருந்தது என்பதை 667இல் எழுதிவையுங்கள். அது ஊழியர்களுக்கான குறிப்பு. வாசகருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் 680 இருக்கிறது. முதல்வர் கேட்கிற வரலாறு அந்த இரண்டு வரியில் பத்திரமாக இருக்கும். போதாது என்றால் அந்தப் பழைய இழுப்பறையையும் எடைக்குப் போடாமல் ஒரு மூலையில் வையுங்கள். நானே ஒரு காலத்தில் நாலு இழுப்பறைக் கார்டுகளைத் துண்டுச்சீட்டுக்குக் கிழித்துக் கொடுத்தவன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

புத்தகங்களையே எடுத்துவிடச் சொல்லும் துறைத் தலைவருக்கு என் பதில்: கூடாது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய நூல் உங்களிடம் கட்டாயம் இருக்கும். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்துகொண்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்த மனிதர். எத்தனையோ சமூகங்களைப் பற்றி அதில் இருப்பதைப் படித்தால் ரத்தம் கொதிக்கும். ஆனால் அந்த ரத்தம் கொதிக்க வேண்டுமென்றால் புத்தகம் ரேக்கில் இருக்க வேண்டும். எடுக்க வேண்டியது புத்தகத்தை இல்லை, நாம் எழுதிய ஒட்டுவாலை. பல நூலகங்களில் இதற்குக் குறிப்பு எப்படி இருக்கும் தெரியுமா? ‘தென்னிந்திய ஜாதிகளின் பழக்கவழக்கங்கள் பற்றிய அதிகாரபூர்வமான நூல்.’ இதில் ஒரு வசவு உண்டா? ஆனால் ‘அதிகாரபூர்வமான’ என்ற ஒற்றைச் சொல் போதும், தர்ஸ்டன் சொன்னதையெல்லாம் நூலகம் வழிமொழிந்தாயிற்று. நான் இப்படி எழுதுவேன்: ‘பிரிட்டிஷ் ஆட்சிக்கால இனவரைவியல் தொகுப்பு. உடல் அளவீடுகளையும் அன்றைய அதிகாரிகளின் கருத்துகளையும் சார்ந்தது. பல சமூகங்களைக் குற்ற இயல்புடையவையாகச் சித்திரிக்கிறது.’ திட்டவும் இல்லை, தூக்கிப் பிடிக்கவும் இல்லை. இதற்கு மேல் நூலகர் விமரிசனம் எழுதக் கூடாது. அது வாசகரின் வேலை.

எல்லாப் பதிவையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வருவதற்குள் செய்து காட்டலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அவசரத்தில் செய்தால் நான் செய்த கூத்துதான் நடக்கும். முதலில் பத்துப் பன்னிரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை பதிவில் வருகிறது, எந்தப் புலத்தில் வருகிறது என்று எண்ணி ஒரு நோட்டில் குறியுங்கள். திருத்தி முடியும் வரை தேடுபொறிப் பக்கத்தில் இப்படி ஒரு அறிவிப்பு இருக்கட்டும்: ‘இப்பட்டியலின் சில விவரிப்புகள் முற்காலத்தில் எழுதப்பட்டவை, இன்று ஏற்க முடியாத சொற்கள் அவற்றில் இருக்கின்றன. அவற்றைத் திருத்திவருகிறோம். கண்ணில் பட்டால் மேசையில் சொல்லுங்கள்.’ மன்னிப்புக் கடிதம் மாதிரி நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். அறிவிப்பைப் போட்டுவிட்டுத் திருத்தாமலே இருந்துவிடுவதும் நடக்கிறது. அதற்கு அறிவிப்பே இல்லாமல் இருக்கலாம்.

மேசையில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். ஆன்லைன் படிவம் எல்லாம் அப்புறம். வந்து சொல்கிற பிள்ளை நின்று சொல்ல வேண்டும், நீங்கள் எழுதிக்கொள்வதை அது பார்க்க வேண்டும்.

முதல் வரி அந்த மாணவியுடையதாக இருக்கட்டும். அவளை ஒருநாள் கூப்பிட்டு உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் பதிவைத் திறங்கள். இது புக்ல இருக்கிறது, இது நாங்கள் வைத்தது என்று ஒவ்வொரு வரியாகக் காட்டுங்கள். புதிய தலைப்புகளைச் சேமிக்கும் பொத்தானை அழுத்துமுன் அவளைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் எழுதியதில் ஏதாவது உறுத்துகிறது என்றால் மாற்றிவிடுங்கள், எனக்குக் கோபம் இல்லை. அவளுடைய ஆய்வேடு முடிந்ததும் ஒரு பிரதி கேட்டு வாங்கி நூலக இருப்பில் சேர்த்து அக்சஷன் எண் போடுங்கள். அதற்கும் பொருள் தலைப்பு வைக்க வேண்டிவரும். என்ன வைக்கலாம் என்று அவளையே கேளுங்கள்.